காற்றின் கண்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நான் நலம். அப்பாவுக்குச் சாப்பாடு கொஞ்சம் இறங்குகிறது, பேச்சுதான் இன்னும் வரவில்லை.

நேற்றுக் காலை மேஸ்திரி செங்கல்லோடு வந்து நின்றார். "அப்பா ரூம் ஜன்னலை அடைச்சிட்டு ஏசி மாட்டணும்னு தம்பி ஃபோன்ல சொல்லிட்டாரும்மா" என்றார். தெருத் தூசி அப்பாவின் நெஞ்சுக்கு ஆகாது என்ற உன் கவலை புரிகிறது. ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குக் கோபம்தான். நாளைக்கு வாங்க என்று அவரை அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன்.

அகராதி அலுவலகத்தில் நான் சொல்லுக்குப் பேன் பார்க்கிறேன் என்று கேலி செய்வாயே, நேற்று என் மேசைக்கு வந்த சொல் 'விண்டோ'. தினமும் கம்ப்யூட்டரில் திறந்து மூடுவதுதானே என்று அலட்சியமாகத்தான் தொடங்கினேன். அதன் வேர் என்ன தெரியுமா? வடக்கே குளிர்க் கடலோரம் வாழ்ந்தவர்களின் பழைய மொழியில் 'காற்றின் கண்'! சரி, தமிழில் நிகரான சொல் எழுதலாமென்று போனால், 'காலதர்' என்றொரு பழஞ்சொல். காற்று வரும் வழி. அதற்குக் கீழே 'பலகணி'. பல கண் உடையது. எனக்குப் புல்லரித்துவிட்டது, தம்பி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தேயிராத இரண்டு கூட்டம். சுவரில் ஓட்டை போட்டுவிட்டு, இங்கேயும் அங்கேயும் காற்றையும் கண்ணையும்தான் நினைத்திருக்கிறார்கள். பேனாவை வைத்துவிட்டு அலுவலக ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலதிகாரி, "என்னம்மா, அங்க சினிமாவா ஓடுது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வழக்கம்போல ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி என்னதான் தெரிகிறது என்று அவர் தலையணையிலேயே என் தலையையும் வைத்துப் பார்த்தேன். வானம் தெரியவில்லை, எதிர்வீட்டு மரமும் தெரியவில்லை. தெருமுனை மட்டும்தான் தெரிகிறது. போன தடவை ஊருக்குக் கிளம்பியபோது நீ கார் ஏறும்முன் திரும்பிக் கையசைத்தாயே, அந்த இடம். அப்போது ஒரு கார் வந்து நின்றது. அப்பாவின் கண் அங்கே போய்விட்டது. இறங்கியவர் பக்கத்தில் வரும்வரை அப்பா இமைக்கவில்லை. நீயில்லை, வேறு யாரோ என்று தெரிந்ததும் மெல்லக் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு இது தெரியவில்லை.

இன்று வந்த மேஸ்திரியிடம் கேட்டேன். தூசிக்கு வலை அடித்துவிடலாம் என்கிறார். இல்லை, அடைத்தே ஆகவேண்டும் என்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அதற்குமுன் நீ ஒருமுறை வந்து, அந்தத் தலையணையில் தலை வைத்துப் பார். பிறகு செங்கல்லை நீயே எடுத்துக் கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக இரு.

அதுவரை திறந்தே வைத்திருக்கும்,
அக்கா