கல்லறையில் எழுத்துக் கூட்டல்

20 ஜூன் 1938

சவரி இரண்டு வருஷமாக வாத்தியாரிடம் போகிறான். இன்று பாடப்புத்தகத்தைக் கொடுத்து வாசிடா என்றேன். விரலை ஓட்டிக்கொண்டே கடகடவென்று ஒப்பித்தான். புத்தகம் தலைகீழாக இருந்தது. த்தூ! பயலுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. இத்தனை நாள் அங்கே என்னதான் செய்தாய் என்றால், "ஐயா வூட்டு மாட்டுக்குப் புல்லு அறுத்தேம்மா" என்கிறான்.

21 ஜூன்

இனிமேல் அனுப்ப மாட்டேன், நானே சொல்லித்தருவேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். நான் கன்னியாஸ்திரீகளிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இவர் தலையைச் சொறிந்தார். அண்ணனைக் கேட்காமல் எச்சில்கூட விழுங்கமாட்டார் இந்த மனுஷர்.

மூத்தார் என்னிடம் நேரே பேசுவதில்லை. நான் அங்கேயே நிற்க, தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "பொட்டச்சி வாத்தியாராடா? சரி, கல்லறைத் திருநா வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள எழுத்துக் கூட்டலைன்னா பையன் பள்ளிக்கோடத்துக்கு, பொண்ணு மாடு மேய்க்க."

ஞானமேரிக்கு ஐந்து வயது. மாடு மேய்க்கவாம்!

4 ஜூலை

களத்து மண்ணில் எழுத்து. சவரி எறும்பு பார்க்கிறான். ஞானமேரி மூக்கைச் சிந்தி அந்த விரலாலேயே ஆனா போடுகிறாள். சீ! நான் சாணி அள்ளிய கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் அடுப்பில் களி அடிப்பிடிக்கிறது. பெற்றவளே வாத்தியார் என்றால் பயம் ஏது? "பசிக்குதும்மா" என்று ஒரு குரல். அதோடு பாடம் முடிந்தது.

19 ஜூலை

பாடம் இல்லை. எனக்கே வெறுத்துப்போயிற்று.

28 ஆகஸ்ட்

சவரி வாசிக்கிறான் என்று நேற்றுவரை பூரித்துக் கிடந்தேன். கம்பைநல்லூர் சந்தையில் வாங்கிய கதைப்புத்தகம், முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை. இன்று இவர் முன்னால் வாசிக்கச் சொல்லி, நடுவில் பக்கத்தைக் கையால் மூடினேன். பயல் நிற்கவே இல்லை.

தினமும் நான் முதலில் படித்துக் காட்டினேன் அல்லவா? காதில் வாங்கிக்கொண்டான். அந்த வாத்தியாருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவருக்காவது புல் கிடைத்தது.

3 செப்டம்பர்

பிள்ளைகள் காதில் விழாத எழுத்து வேண்டும். இந்த ஊரில் எங்கே போவேன்? கோயில் சுவரில் இருப்பது ஜெபம், அதுவும் மனப்பாடம். மிச்சம் கல்லறைதான்.

கூட்டிப்போனேன். கல்லில் அடுப்புக்கரியைத் தேய்த்தால் எழுத்து பளிச்சென்று தெரிகிறது. எந்தக் கல்லில் எந்தப் பெயர் என்று இதுகளுக்கு எப்படித் தெரியும்? கூட்டித்தானே ஆகவேண்டும்!

10 செப்டம்பர்

கிணற்றடியில் கோவிந்தம்மாள் எல்லோரும் கேட்கச் சொல்கிறாள்: "ராயம்மா புள்ளைங்கள பொணத்துக்கிட்ட படிக்க வுட்டிருக்கா." மூத்தார் தம்பியிடம், "உம் பொண்டாட்டிக்குப் பேய் புடிச்சிருக்கு. மொளகா சுத்திப் போடுடா" என்றாராம். இவர் நிஜமாகவே மிளகாயோடு வந்து நிற்கிறார். இந்த ஆளோடு குடும்பம் நடத்துகிறேன், கர்த்தரே!

2 நவம்பர்

இன்று கல்லறைத் திருநாள்.

வாந்திபேதியில் மாமனார் செத்தபோது மூத்தார் குடகில் காப்பித் தோட்டக் கூலி; இவர் கைக்குழந்தை. திரும்பி வந்தவருக்கு யாரோ ஒரு கல்லைக் காட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் தன் கையாலேயே அதற்குச் சுண்ணாம்பு அடிக்கிறார். எழுத்தெல்லாம் சுண்ணாம்புக்குள் போய்விட்டது. இன்றும் மெழுகுத்திரி ஏற்றி, மண்டியிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதார். எழுந்து, "எங்கப்பன் கல்லையே படிக்கச் சொல்லுடா, பாப்பம்" என்றார்.

"மரியான்!" என்று தாத்தன் பெயரைச் சொன்னான் சவரி, கல்லைப் பார்க்காமலே. எனக்கு அங்கேயே அவனை அறையத் தோன்றியது.

ஞானமேரி உட்கார்ந்து நகத்தால் சுண்ணாம்பைப் பெயர்த்தாள். "அடியே, தாத்தன் கல்லடி!" என்று இவர் பாய்வதற்குள் கரியைத் தேய்த்துவிட்டாள். "மானா இல்லம்மா இது. இ... ன்... னா... சி."

இன்னாசி! கிணற்றுத் தண்ணீர் முறைக்குச் சண்டை போட்டு மாமனாரின் கையை உடைத்த பகையாளி.

"கழுத, தப்பாப் படிக்குது" என்றார் மூத்தார். நான் குனிந்து பார்த்தேன். குழந்தை படித்தது சரி. "இன்னாசின்னுதாங்க இருக்குது" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் எச்சிற்கலை நாய்கள்? அவர்களில் ஒருவருக்காவது தன் வீட்டுக் கல் எதுவென்று தெரியுமா? மூத்தார் அந்தக் கல்லிலிருந்து மெழுகுத்திரியைப் பிடுங்கி எடுத்தார். மெழுகு உருகிக் கையில் வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை. இந்த மனுஷருக்காக நான் வருத்தப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

3 நவம்பர்

விடிந்ததும் மூத்தார் வந்தார். "பொண்ண அனுப்பச் சொல்லுடா" என்றார் இவரிடம். மாடு மேய்க்கத்தான் என்று நினைத்தேன். ஞானமேரியைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லறைப் பக்கம் நடந்தார்.

உச்சிவேளைக்குத்தான் திரும்பினார்கள். அவர் மேலெல்லாம் முள் கீறல். என்னடி ஆயிற்று என்று இவளைக் கேட்டேன்.

"தாத்தா கல்லு வேலியோரம் முள்ளுக்குள்ள இருந்துச்சும்மா. நான் படிச்சிட்டேன். பெரியப்பாதான் எந்திரிக்கவே இல்ல. ஒவ்வொரு எழுத்து மேலயும் என் வெரல வெச்சு, இது என்ன, இது என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."