காஜா பெராங் இல்லாத வரைபடம்

சார்,

நேற்று உங்கள் மகன் வந்திருந்தார். நீங்கள் எழுதிய மலாக்கா புத்தகத்தை மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம். உங்களோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவள் என்பதால் நான் இரண்டு பக்கம் உங்களைப் பாராட்டி எழுத வேண்டுமாம். பழைய பிரதி ஒன்றை மேசைமேல் வைத்தார். பிரித்தேன், நடுவில் மடித்திருந்த வரைபடம் விரிந்தது. நான் வரைந்தது. முடியாது என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. அதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரம் அடைந்ததற்கு, முந்தைய வருடம் அது. நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கங்கையும் தெரியும், தேம்ஸும் தெரியும், காலடியில் கிடக்கிற மண் தெரியாது. நாமே ஒரு புத்தகம் எழுதுவோம் என்றீர்கள். நீங்கள் எழுத, நான் வரைய. மலாக்காவின் ஒரு எல்லையான லிங்கி ஆற்றிலிருந்து மறு எல்லையான கெசாங் ஆறு வரை, சனிக்கிழமைதோறும் பஸ்ஸிலும் சைக்கிளிலும் அலைந்தோம். போர்த்துக்கீசியன், டச்சுக்காரன், ஆங்கிலேயன், ஜப்பான்காரன் என்று ஒவ்வொருவனும் எப்படி வந்தான், எப்படிப் போனான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவீர்கள். நன்றாகத்தான் சொல்வீர்கள். அதை மறுக்க மாட்டேன்.

தஞ்சோங் துவான் ஞாபகம் இருக்கிறதா? கலங்கரை விளக்கம் நிற்கும் அந்த முனை, பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலான் கரையில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கணக்கில் மலாக்காவுக்குச் சொந்தம். குரங்குகளைத் தவிர அங்கே யாருமில்லை. “இத்தனூண்டு மண்ண விட்டுட்டாலும் வரைபடம் பொய்யாயிடும், டீச்சர்” என்றீர்கள். அதற்காகவே ஒரு தனிக் கட்டம் போட்டு வரைந்தேன்.

நான் காஜா பெராங் என்கிற கம்பத்தில், அந்தச் சிற்றூரில், மலாக்கா செட்டிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். வட்டிக்கடைச் செட்டியார்கள் வேறு; இந்தச் செட்டிகள் நம்மைவிடப் பல தலைமுறை முன்பே இங்கே வந்து வேர்விட்டவர்கள். சாமி நம் சாமி, பேச்சு மட்டும் அவர்களுடைய மலாய். என் மாமனாருக்குத் தெரிந்த தமிழ் சாமி பெயர்களும் சில உறவு முறைகளும்தான். அவரிடம் நீங்கள் எத்தனை மாலை உட்கார்ந்து கேட்டீர்கள்! கடல் முன்பு எதுவரை இருந்தது, வயல்கள் யார் யாரிடம் இருந்தன, எந்தப் பாதை வழியாக மாட்டுவண்டி போனது என்று அவர் மலாயில் சொல்லச் சொல்ல, உங்கள் நோட்டு நிறைந்தது. என் மாமியார் சமைத்த மீன் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

புத்தகம் அச்சாகி வந்தபோது செட்டிகளைப் பற்றிய பாடம் இல்லை. மாமனார் சொன்னதெல்லாம் ‘பெரியவர்கள் கூறுவர்’ என்று இருந்தது. என் வரைபடத்தில் காஜா பெராங் என்ற பெயரைச் சுரண்டி எடுத்திருந்தீர்கள். குரங்குகள் வாழும் முனைக்குத் தனிக் கட்டம். நாங்கள் வாழும் கம்பத்துக்கு வெற்றுத்தாள்.

ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் கேட்டேன். தமிழ் பேசத் தெரியாதவர்களைப் பற்றித் தமிழ்ப் பிள்ளைகள் எதற்குப் படிக்க வேண்டும் என்றீர்கள். அப்படியானால் என் மாமனாரிடம் திருடியதையும் எடுத்துவிடுங்கள் என்றேன். அன்றோடு நீங்கள் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டீர்கள்.

சில மாதங்களில் குடியுரிமைப் பத்திரம் வாங்க ஊரே வரிசையில் நின்றது. மாமனாரின் பிறப்புப் பத்திரம் ஜப்பான்காரன் காலத்தில் தொலைந்துவிட்டது. இவர் இங்கேதான் பிறந்தார் என்று ஊர் மதிக்கிற ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் குமாஸ்தா. வாத்தியார்தான் என் கதை எல்லாம் எழுதி வைத்திருக்கிறாரே, அவரிடமே போவோம் என்றார் மாமனார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் மானத்தை மடித்து வைத்துவிட்டு அவரோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

வாசலிலேயே நிற்க வைத்தீர்கள். குமாஸ்தா கொடுத்த தாளை வாங்கிப் படித்தீர்கள். சிரித்தீர்கள்.

“இவர் இங்கதான் பொறந்தார்னு நான் எப்படிச் சாட்சி சொல்றது, டீச்சர்? என் புத்தகத்துலேயே அந்த ஊர் இல்லையே.”

மாமனாருக்கு வார்த்தை புரியவில்லை. சிரிப்பு புரிந்தது. தாளை உங்கள் கையிலிருந்து அவரே வாங்கிக்கொண்டார். திரும்பி நடக்கும்போது நீங்கள் சொன்னதை மலாயில் சொல்லும்படி கேட்டார். சொன்னேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, “சாயா ஓராங் சினி” என்றார். நான் இந்த ஊர்க்காரன் என்று அர்த்தம். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

டவுனில் துணிக்கடை வைத்திருந்த ராவுத்தர்தான் கடைசியில் எழுதிக் கொடுத்தார். இவருக்கு இல்லாத ஊரா எனக்கு மட்டும் இருக்கிறது என்று கேட்டபடியே கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையையும் குத்தினார். பத்திரம் கிடைத்தது. மெர்டேக்கா அன்று மாமனார் புது சாரோங் உடுத்தித் திடலுக்குப் போய்விட்டு வந்தார். சாகும்வரை உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் விட்டதற்கும் சேர்த்துத்தான் நான் கோபப்பட்டேன்.

அதன்பின் பதினோரு வருடம் ஒரே பள்ளியில் இருந்தோம். நீங்கள் ஓய்வு பெற்ற நாளில் என் வகுப்பு வாசலில் வந்து நின்றீர்கள். எதையோ சொல்ல வாயெடுத்தீர்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். உங்கள் சாவுக்கும் வரவில்லை. இரண்டுக்கும் இன்றுவரை வருத்தமில்லை.

ஒன்று மட்டும் எனக்கே பிடிக்காமல் என்னிடம் இருக்கிறது. எந்தப் புது ஊரில் இறங்கினாலும், கடல் எந்தப் பக்கம் என்று யாரையாவது கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அடியெடுத்து வைக்கிறேன். அது உங்கள் பழக்கம் சார். எவ்வளவோ உதறிப் பார்த்துவிட்டேன், போகவில்லை. உங்கள்மேல் உள்ள கோபமும் அப்படித்தான். இரண்டோடும்தான் நடந்துகொண்டிருக்கிறேன்.