முள்ளங்கித் துருவியும் கியூபாவும்

அன்புள்ள துரோகிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். உன் லத்தீன் அமெரிக்க இசைத்தட்டைக் காதால்கூடத் தொடமாட்டேன் என்று சபதம் போட்ட நான், அதைக் கேட்கவே ஒன்பது நாளாகக் கோயென்ஜி ஜாஸ் காபிக்கடைக்குப் போகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கத் தொப்பி வேறு.

உன் கிதார் கிடக்கட்டும். மூன்றாவது பாட்டில் பின்னால் 'கர்ர்-கர்' என்று உரசுகிறதே, அது என்ன? இசைத்தட்டு ஓடும்போது வாயே திறக்கக் கூடாத அந்தக் கடையில் நேற்று எழுந்து நின்று, "அது எங்க வீட்டு முள்ளங்கித் துருவி!" என்று கத்திவிட்டேன்.

"கியூபா வாத்தியம்னு அட்டையிலயே போட்டிருக்கு. உக்காருங்க ஐயா" என்றார் கடைக்காரர்.

எனக்கா தெரியாது? இனிமேல் கியூபா இசைதான் என்று நீ சொன்னதற்கு, "ஜப்பான்காரனுக்கு எதுக்குடா கியூபா?" என்று நான் கேட்டதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாயே, அன்றுதான் எங்கள் மூங்கில் துருவி காணாமல் போனது. உன் குழுவில் நான் பேஸ் வாசித்ததும் அன்றோடு சரி. இரண்டு வருஷமாகப் பக்கத்து வீட்டுத் துருவிதான் இரவல்.

என் மனைவி கஸுயோ சிரிக்கிறாள். "துருவியைக் கேக்கற சாக்குல அவரைக் கூப்பிடப் போறீங்க, அவ்வளவுதானே?"

அபாண்டம்! சான்மா மீன் சந்தைக்கு வந்துவிட்டது. முள்ளங்கி துருவாமல் அதை எப்படித் தின்பது? ஞாயிறு மதியம் நீயே கொண்டுவந்து கொடு. மூன்று மீன் வாங்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய பேஸ்காரன்

பி.கு.: இதைக் கஸுயோவிடம் உளறாதே. இந்தக் கடிதத்துக்கு உறை தேடப்போன இடத்தில், அலமாரிக்குப் பின்னால், துருவி கிடைத்துவிட்டது.