விஜிலாவின் சர்டிபிகேட் விஷயமாக

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி

அன்பு மகன் செல்வினுக்கு அம்மா எழுதுவது. கடலும் காற்றும் உனக்கு அடக்கமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து மணியை உனக்கென்றே சொல்லி வருகிறேன். இங்கே அப்பாவுக்கு மூட்டுவலி தேவலை, தங்கச்சியும் நானும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் இல்லை. போனில் சொன்னால் பாதியில் நீ சத்தம் போடுவாய், இல்லை சிக்னல் போய்விடும். அதனால் உன் கப்பலில் ஏறப் புறப்படுகிற செல்வதுரை கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், முழுசாக வாசி.

தங்கச்சி விஜிலாவுக்கு நீ போனிலேயே படிக்கிற ஒரு கோர்ஸ் பிடித்துக் கொடுத்தாயே, மூணு மாசத்தில் ஸ்பெஷல் டீச்சர் ஆகலாம் என்று, அந்த சர்டிபிகேட் செல்லாதாம். தங்க முத்திரை மினுங்குகிறதே என்று நானும் அதைப் பங்குச்சாமியிடம் கொடுத்து மந்திரித்து வாங்கி, திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, வந்தவர்களுக்கெல்லாம் கலர் சோடா உடைத்துக் கொடுத்தேன். அவள் வேலை பார்க்கிற சிறப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்த அம்மாள், மறுவாழ்வு கவுன்சிலில் பதிந்த நம்பர் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள், இவள் சர்டிபிகேட்டில் அப்படி ஒன்றே இல்லை. கவுன்சில் ஒத்துக்கொண்ட இடத்தில் ரெண்டு வருஷம் நேரில் படித்து, பிள்ளைகளோடு இருந்து பயிற்சி முடித்துப் பரீட்சையும் எழுதினால்தான் அந்த நம்பராம். அதிலும் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு படிப்பு, மனவளர்ச்சி பிந்தின பிள்ளைகளுக்கு வேறே படிப்பாம். மாட்டின சர்டிபிகேட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கணக்குப் புத்தகத்தில் படிப்புச் செலவு என்றிருந்ததை அடித்து ஏமாந்தது என்று எழுதினேன். அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபமில்லை, உன் மேல்தான். உன் கப்பல் சர்டிபிகேட் காலாவதியாகும் முன்னே லீவைக்கூடப் பாராமல் சென்னைக்கு ஓடுகிறவன், தங்கச்சிக்கு மட்டும் நாலு பேரை விசாரிக்காமல் எப்படிச் சேர்த்தாய்?

அன்றிலிருந்து அவளைப் பாடம் நடத்த விடுவதில்லை, சோறு ஊட்டவும் கால் கழுவி விடவும்தான். விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளை சந்தனச்செல்வி என்று ஒன்று, பேச்சு வராது, படத்தைத் தொட்டுக் காட்டித் தண்ணீர் கேட்க விஜிலாதான் பழக்கினாள். இப்போதும் அது படத்தை எடுத்துக்கொண்டு வந்து இவள் துப்பட்டாவைத்தான் இழுக்கிறதாம், இவள் கையை விடுவித்துக்கொண்டு அடுத்த டீச்சரைக் காட்டுகிறாளாம். சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

பார்த்தேன், பாளையங்கோட்டையில் அந்த ரெண்டு வருஷப் படிப்பிலேயே சேர்த்துவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை. அடுத்த மாசம் வகுப்பு, பஸ்ஸில் போய் வருவாள். சேர்த்த மறுநாளே, உன்னைப் போலக் கப்பலுக்குப் போகிற உன் கூட்டாளி ஜாய் இருக்கிறானே, அவன் அம்மா பேபி மணப்பாட்டிலிருந்து வந்துவிட்டாள். கிறிஸ்துமஸ் கழித்து ஜாய்க்கும் விஜிலாவுக்கும் கல்யாணம் என்று நீயே நாள் சொல்லிவிட்டாயாமே. ஏன் மைனி, ஆயா வேலைக்கு எதுக்கு ரெண்டு வருஷப் படிப்பு என்று சிரிக்கிறாள். எனக்கு வந்ததே ஆத்திரம், செல்லாத சர்டிபிகேட்டைக் காட்டினா உங்க மகனைக் கப்பல் ஏணியில கால் வைக்க விடுவானா மைனி என்று கேட்டுவிட்டேன். உங்கப்பா, ஏளா, சம்பந்தம் பேச வந்தவுககிட்ட சண்டைக்கு நிக்கியே என்று சொல்லிக்கொண்டே துண்டால் வாயைப் பொத்திச் சிரிக்கிறார். ரெண்டு வருஷம் பொறுக்க முடியாதென்றால் வேறு இடம் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. விஜிலாவுக்கு அந்தத் தம்பியைப் பிடித்திருக்கிறது, வாய் திறந்து சொல்லமாட்டாள், எனக்குத் தெரியும்.

ஆகையால் நீ ஜாய்க்குப் போன் பண்ணு. அம்மா பிடிவாதக்காரி என்று மட்டும் சொல்லித் தப்பிக்காதே. விசாரிக்காமல் சேர்த்தவன் நான், அவள் நாள் வீணானது என்னால், அவளுக்காகப் பொறுத்துக்கொள் என்று உன் வாயால் சொல்.

பனிமய மாதா உன் கப்பலைக் கரை சேர்ப்பாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு படு. செல்வதுரையிடம் கருவாடு கொடுத்திருக்கிறேன், வாடை வெளியே வராமல் இறுக்கிக் கட்டி வை. ஜாய்க்குப் பேசுகிறதற்கு முன்னால் தங்கச்சிக்குப் பண்ணு. எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பாள். நீ வைத்துவிடாதே.

கோபம் ஆறாத, ஆனாலும் உன் அம்மா,
பிலோமினாள்