ரொட்டி வண்டியில் வந்த மலை

புள்ள,

இன்று காலை பேக்கரியின் பின்வாசலில் ஒரு புது வேன் வந்து நின்றது. டிரைவர் எஞ்சினை அணைக்காமலே ரொட்டித் தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். டீசல் புகையும் சூடான ரொட்டியின் வாசனையும் ஒன்றாகக் கலந்து உள்ளே வந்தது. சல்லடையைப் பிடித்திருந்த என் கை தானாக நின்றுவிட்டது. அது உன் வாசனை. நீ போய் இரண்டு வருடமாகிவிட்டது என்பதை மறந்து, பின்வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

முதன்முதலில் நீ அந்த வாசல் வழியாக வந்த நாள் நினைவிருக்கிறதா? பேக்கரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாமல் போனபோது, "நானே ஓட்டறனுங்க" என்று முதலாளியிடம் சாவியை வாங்கிக்கொண்டாய். ஊட்டியிலிருந்து எமரால்டு வழியாக மஞ்சூர் வரைக்கும் அத்தனை வளைவுகளிலும் ஒரு பெண் ரொட்டி வண்டி ஓட்டுவதா என்று மார்க்கெட்டில் சிரித்தார்கள். ஒரே வாரத்தில் அவர்களுக்குச் சிரிப்பு நின்றது. நீ போகும் நேரத்தை வைத்து எஸ்டேட்டுக் கடைக்காரர்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள்.

நானோ அடுப்புக்கும் மாவு மூட்டைகளுக்கும் நடுவே, சன்னல் இல்லாத பின்னறையில் நின்று கேக்கில் ரோஜா போட்டுக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சியிலிருந்து கல்யாணமாகி வந்தவளுக்கு மலை என்றால் வேலைக்குப் போகும்போது ஒரு குளிர், வரும்போது ஒரு குளிர், அவ்வளவுதான். முதலாளி வைத்திருந்த கேக் கேட்லாக்கில் பன்னிரண்டு பூக்கள் இருந்தன. அந்தப் பன்னிரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். போட்டு முடித்தால் எனக்கே பார்க்கப் பிடிக்காது.

நீ காலித் தட்டுகளோடு திரும்பி வரும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். உன் வீட்டுக்காரரின் பழைய ஸ்வெட்டர் பையில் கையை விட்டு, எதையாவது எடுத்து என் மேசையில் வைப்பாய். முதல் நாள் வைத்தது ஒரு துண்டுப் பாசி.

"இதென்ன குப்பை? மாவுல உழுந்துறப் போகுது," என்று கத்தினேன்.

"கிட்டக்க வெச்சுப் பாரு புள்ள. உள்ளாற ஒரு காடே இருக்குது."

நான் பார்க்கவில்லை. நீ போன பிறகு பார்த்தேன். இருந்தது.

அதற்கப்புறம் தினமும் ஒன்று வந்தது. தைல மரத்து மொட்டின் மூடி. தட்டான் பூச்சியின் ஒற்றைச் சிறகு. இரண்டு கால் முளைத்து நடக்கத் தயாரான கேரட். சில நாள் எடுத்துவர முடியாததைச் சொல்லிக் காட்டுவாய். பனி விழுந்த புல்மேல் வெயில் முதலில் எந்த இடத்தில் படுகிறது, பைக்காராப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போனபோது தண்ணீர்மேல் மழை எப்படி நடந்து வந்தது என்றெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாய். உனக்கு ஒரு கோடு வரையத் தெரியாது. கேக்கில் உன் பேரை எழுதச் சொன்னால்கூடக் கோணலாக்கிவிடுவாய். ஆனால் நீ பார்த்ததை யாரிடமாவது காட்டாவிட்டால் உனக்குச் சோறு இறங்காது. எனக்கு அது மெல்ல மெல்லத் தொற்றியது. பாசியைப் போல க்ரீமைக் குத்திக் குத்தி எடுத்துப் பார்த்தேன். சிறகின் நரம்பைச் சர்க்கரைப் பாகில் இழுத்துப் பார்த்தேன். யாரும் வருவதற்குள் வழித்து வாயில் போட்டுக்கொள்வோம். நாம் இருவர் மட்டுமே தின்ற கேக்குகள் எத்தனை!

பிறகு அந்தக் கல்யாணம் வந்தது. எமரால்டுக்கு அந்தப் பக்கம் உள்ள எஸ்டேட்டில் இலை பறிக்கும் அம்மாவின் மகள், நர்ஸ் வேலை பார்க்கிறவள். மாப்பிள்ளை கோயம்புத்தூர். வரவேற்புக்கு மூன்றடுக்குக் கேக் வேண்டும், முழுக்க ரோஸ் கலரில் ரோஜா வேண்டும் என்று போனில் போட்டோ அனுப்பியிருந்தாள். அவ்வளவு பெரிய கேக்கை நான் அதுவரை செய்ததில்லை. "இதுல ஏதாச்சும் ஆச்சுன்னா கோயம்புத்தூர்ல இருந்து மாஸ்டரைக் கூட்டியாந்துருவேன். நீ மறுபடி பன்னு உருட்டப் போயிக்கலாம்," என்று முதலாளி சொன்னார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இரண்டு நாள் உழைத்து அச்சு அசலாக அந்தப் போட்டோவையே செய்தேன். வேனின் பின்னால் கேக்கோடு உட்கார்ந்து வந்தேன். எமரால்டு தாண்டி ஒரு வளைவில் காட்டெருமை ஒன்று நடுரோட்டில் நின்றது. நீ பிரேக்கை மிதித்தாய். நான் அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்தும் பயனில்லை. திறந்து பார்த்தால், கேக்கின் ஒரு பக்கம் முழுக்க ரோஜாக்கள் நசுங்கிக் கிடந்தன.

நான் அழ ஆரம்பித்தேன். காட்டெருமை நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனது. நீ வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து எட்டிப் பார்த்தாய்.

"என்ற தப்புதான். அழுவாத. க்ரீம் உப்பாயிரும். உன்றகிட்ட என்ன இருக்குது?"

"வெள்ளை க்ரீம் இருக்குது. பேரெழுத வெச்ச மஞ்ச கொஞ்சம் இருக்குது. ரோஸ் சுத்தமா இல்ல."

நீ ரோட்டோரத் தேயிலைச் செடிகளுக்குள் போனாய். ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாய். வெள்ளை இதழ்கள், நடுவே கொத்தாக மஞ்சள். ஊட்டிக்கு வந்து பதினெட்டு வருடமாகியும், தேயிலை பூக்கும் என்பது தெரிந்திருந்தும், அன்றுதான் அதன் முகத்தைப் பார்த்தேன்.

"தேயிலைப் பூவைப் போயி யாரு கல்யாணக் கேக்குல வெப்பா?"

"நீ வெய்யி."

முதலில் நசுங்கிய பக்கத்தில் மட்டும் நான்கு பூ போட்டேன். ரோஜாக்களுக்குப் பக்கத்தில் அவை ஒட்டுப் போட்ட துணிபோல இருந்தன. அப்போது எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, நன்றாக இருந்த ரோஜாக்களையும் கத்தியால் வழித்தெடுத்துவிட்டேன். நீ தடுக்கவில்லை. வழித்ததை விரலால் தொட்டுத் தின்றுகொண்டு, கொப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினாய். "இங்க பாரு, இந்தப் பூவு தலையத் தொங்கப் போட்டிருக்குது. அதையும் அப்படியே போடு." அரைமணி நேரம். கேட்லாக்கில் இல்லாத பூ, என் கையிலிருந்து ஒவ்வொன்றும் வேறு வேறு மாதிரி விரிந்துகொண்டே வந்தது. பயமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் அப்படி வந்து அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

மண்டபத்தில் பெட்டியைத் திறந்ததும் கல்யாணப் பெண்ணின் முகம் வாடியது. "நான் அனுப்புன போட்டோ இது இல்லீங்களே அக்கா," என்றாள். நடந்ததை நீதான் சொன்னாய், வண்டி ஓட்டினவள் தப்பு என்று. அதற்குள் பெண்ணின் அம்மா பட்டுப்புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்து குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இது நம்ம தேயிலைப் பூ இல்லீங்களா?"

"ஆமாங்க."

"முப்பது வருசமா என் கையில உரசிட்டுக் கெடந்த பூவுங்க இது. இத்தனை நாள்ல ஒருத்தரும் இதை ஒரு பூவுன்னு சொன்னதில்ல." அவர் திரும்பி, தன்னோடு இலை பறிக்கிற பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பத்துப் பன்னிரண்டு பேர் வந்து கேக்கைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி தன் காய்த்துப்போன விரலைப் பூவுக்கு மேலே கொண்டுபோய், தொடாமல் நிறுத்திக்கொண்டாள். கல்யாணப் பெண் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "அக்கா, இதுதான் வேணும்," என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் நீ ஹாரன் அடித்துக்கொண்டே வந்தாய். எதிரே ஒரு வண்டியும் இல்லை.

அந்தப் பூ மலை முழுக்கப் பரவியது உனக்கே தெரியும். குன்னூரிலிருந்தும் கூடலூரிலிருந்தும் கேட்டு வந்தார்கள். முதலாளி எனக்குத் தெருப்பக்கம் சன்னல் வைத்த அறையைக் கொடுத்தார். மாஸ்டர் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

உனக்கு நெஞ்சுச் சளி முற்றிக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பெரிய ஆர்டர் ஒன்றை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். நீ போனில் இருமிக்கொண்டே, "இங்க ஒண்ணு பார்த்தேன் புள்ள. சலைன் பாட்டில்ல ஒவ்வொரு சொட்டும் உழுவறதுக்கு முந்தி, சன்னலு மொத்தமும் அதுக்குள்ளாற தலகீழா நிக்குது. வந்தா காட்டறேன்," என்றாய். நான் பஸ் ஏறுவதற்கு முன் நீ போய்விட்டாய்.

ஏழு மாதம் என் மேசை காலியாகக் கிடந்தது. பழைய பூக்களையே போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு எமரால்டு பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி நடந்தேன். அரைமணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு வேலிக் கம்பியில் வரிசையாகத் தொங்கிய மழைச் சொட்டுகளிடம் குனிந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு முழு மலை தலைகீழாக நின்றது. நீ காட்டாமல் போனதை நானே பார்த்துவிட்டேன். நடுரோட்டில் நின்று சத்தமாகச் சிரித்தேன். அந்த வாரம் சர்க்கரைச் சொட்டுகள் தொங்கும் கேக் ஒன்று செய்தேன். இதுவரை செய்ததில் அதுதான் சிறந்தது.

இன்றைய கதையையும் கேள். முதலாளி பயமுறுத்தப் பயன்படுத்திய அதே கோயம்புத்தூர் மாஸ்டர் இன்று மலையேறி வந்திருந்தார், கற்றுக்கொள்வதற்கு! ஐம்பது வயது, கறாரான மனிதர். என் கேக்குகளைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "இதெல்லாம் எந்தக் கேட்லாக்குலங்க இருக்குது?" என்று கேட்டார்.

"எமரால்டு ரோட்டுலங்க," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் எதையும் விளக்காமல் அவரை வெளியே கூட்டிப்போய், ஒரு மணி நேரம் சும்மா நடந்து பார்க்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போனார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் உள்ளே வந்து, பாதியில் விட்ட ஒரு கேக்கின் ஓரத்தில் க்ரீம் இழுத்துக்கொண்டிருந்தேன்.

கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. தெருவிலிருந்து ஒரே சத்தம்.

"ஏனுங்க! சீக்கிரம் வாங்க! இங்க வந்து பாருங்க, போயிரப் போகுது!"

சன்னல் வழியே பார்த்தேன். மாஸ்டர் ஆட்டோ ஸ்டாண்டில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அதில் எண்ணெய் ஒழுகி, மயில் கழுத்து நிறம் விரிந்து விரிந்து மாறிக்கொண்டிருந்தது. அங்கிருந்தபடியே, சின்னப் பிள்ளையைப் போல இரண்டு கையாலும் என்னைக் கூப்பிட்டார்.

யாராவது இப்படிக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் என்னால் நிற்க முடிவதில்லை. உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த சொத்து அதுதான். க்ரீம் பையை அப்படியே மேசையில் போட்டுவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன் புள்ள.