இருபத்தேழு டிகிரியில் மட்டும் நின்ற ஃபில்டர்

அன்பு மச்சான் கமாலுக்கு,

காய்ச்சலென்று லீவு போட்டுவிட்டு ஜெகதாப்பட்டினம் போனவன், ஒரேயடியாகப் போய்விட்டாய். உன்னைத் திட்டாமல் எப்படித் தொடங்குவது? லேபில் உன் நாற்காலியில் புதிதாக வந்த மேடம் உட்கார்கிறார். நல்லவர்தான். எனக்குத்தான் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது.

நம் ஃபில்டர் போர்டாகி வந்துவிட்டது. மின்னழுத்தத்தை விட்டுவிட்டு மின்னோட்டத்தை வைத்தே வேண்டாத அலைகளை வடிகட்டுகிற நம் சர்க்யூட், இப்போது மேசைமேல் இருக்கிறது. அலைகளை வெட்டும் எல்லையை மாற்றக் கையால் திருகுவதற்கு எதுவும் இல்லை. சர்க்யூட்டுக்குக் கொடுக்கிற பயாஸ் கரண்ட்டைக் கூட்டினால் அந்த எல்லை, அந்தக் கட்-ஆஃப், ஏறுகிறது, குறைத்தால் இறங்குகிறது, நீ சொன்னபடியே. அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. யுபிஎஸ்ஸில் போர்டு ஓடியது, ஏசி ஓடவில்லை. புதுக்கோட்டை வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? அறை சூடேற ஏற, நான் எதையும் தொடாமலேயே கட்-ஆஃப் சரிந்துகொண்டே வந்தது. ஏசி வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் பழைய இடத்துக்கே போய்விட்டது.

கம்ப்யூட்டரில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தோம்? ஒரு முறையாவது வெப்பநிலையை மாற்றினோமா? மென்பொருள் தானாக வைத்திருக்கும் இருபத்தேழு டிகிரியை அப்படியே விட்டுவிட்டோம். இரண்டு பேரும் இந்த வெயிலிலேயே வளர்ந்தவர்கள், வெட்கமாக இல்லையா?

இதைப் பற்றி நாம் எழுதிய கட்டுரையைப் பத்திரிகைக்காரர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். போர்டில் அளந்த முடிவுகளை மட்டும் அனுப்ப வேண்டும். துறைத்தலைவர் சொன்னார்: "ஏசியப் போட்டு ரீடிங் எடுத்து அனுப்புங்க சார். யாரு இங்கிட்டு வந்து பாக்கப்போறா?" அப்படி எடுக்கிற ரீடிங் பொய்கூட இல்லை. அதுதான் என்னை உட்காரவிடவில்லை. உன் பேர் அச்சில் வரப்போவது இந்த ஒரு கட்டுரையில்தான். உன் மனைவி நஸ்ரின் போன் செய்யும்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறாள். ஆனால் யாரோ இதை நம்பிச் செய்து, வெயிலில் ஏமாந்து, உன் பேரைச் சொல்லித் திட்டினால்?

நேற்று பஸ் பிடித்துப் போய் அவளிடமே சொல்லிவிட்டேன். சூடு ஏறும்போது பயாஸ் கரண்ட்டும் தானாக ஏறும்படி இன்னொரு சின்ன சர்க்யூட் சேர்க்க வேண்டும், நாளாகும், அதுவரை பத்திரிகைக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள், வேறு யாரும் ஏற்பார்களா தெரியாது என்றேன். கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"நிக்கிற மாதிரி செஞ்சே போடுங்கண்ணே. இனிமே அவுகளுக்கு என்ன அவசரம்?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன் மச்சான்.

உனக்கு அவசரமில்லை, எனக்கு இருக்கிறது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். ஏசியை அணைத்துவிட்டு வேர்த்து வழிய உட்கார்ந்திருக்கிறேன். புதுச் சர்க்யூட்டைச் சேர்த்தால் இப்போது கட்-ஆஃப் மேலே ஏறித் தொலைகிறது. அது ஒரே இடத்தில் நிற்கிறவரை விடமாட்டேன். நின்ற பிறகு உன் பேரை முதலில் போட்டு அனுப்புவேன். அச்சாகி வந்ததும் நஸ்ரின் கையில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இன்னமும் உன் மச்சான்தான்,
முருகேசன்,
திருக்கோகர்ணம்.