பொட்டுக்குக் கீழே விரிசல்

தெரிந்த விரிசலை ஒருத்தி எவ்வளவு காலம் தெரியாதது போலப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்தவர் செய்த பொருளில் விரிசல் இருக்கிறது என்று சொல்லியே இத்தனை வருடம் சம்பளம் வாங்கியவள் நான். என் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதை உன்னிடம்தான் சொல்ல முடியும். நீயோ இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் காரைக் கழுவினேன். நாளை உன் மகள் வந்து அதை ஓட்டிக்கொண்டு போகப்போகிறாள். ஆயுத பூஜையன்று முன்கண்ணாடியில் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து, மழையில் பாதி கரைந்து, இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஈரத்துணியை அழுத்தித் தேய்த்ததும் சந்தன வாசனை எழுந்தது. பொட்டு போய்விட்டது. அது இருந்த இடத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு மட்டும், தலைமுடியை விட மெல்லியதாக, ஓட்டுகிறவர் பக்கம் சாய்ந்து இறங்கியிருந்தது. மறுபடி துடைத்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். நகத்தில் ஒன்றும் வரவில்லை. கோடு கண்ணாடியின் மேல் இல்லை, உள்ளே இருந்தது. மறைப்பதற்காக நான் வைத்த குங்குமம், மழைத்தண்ணீரோடு விரிசலுக்குள் இறங்கி, அதன் நீளத்தை எனக்கே வரைந்து காட்டிக்கொண்டிருந்தது.

துணியைப் பிடித்தபடி நின்றேன். சந்தன வாசனை போய், நம் சோதனை அறையின் வாசனை வந்துவிட்டது.

உனக்கு நினைவிருக்கும் அந்தச் சிவப்புச் சாயம். பிரேக்கில் பொருத்தும் இரும்பு வார்ப்புகளின் மேல் அதைப் பூசிக் கொஞ்ச நேரம் காத்திருப்போம். பிறகு சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளை மாவைத் தெளிப்போம். நல்ல வார்ப்பு வெள்ளையாகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், உள்ளே ஒளிந்த சாயம் மெதுவாகக் கசிந்து வெளியே வரும். ஒவ்வொரு முறையும் நீ குனிந்து பார்ப்பாய், ஏதோ குழந்தையின் காய்ச்சலைப் பார்ப்பது போல. சிவப்பு வந்ததும் நிமிர்ந்து, உன் வீட்டுத் தெலுங்கும் தமிழும் கலந்து, 'ஏண்டி'க்குப் பதில் 'ஏமே' போட்டு, என்னிடம் சொல்வாய்: "செவப்பு வந்துட்டா அதுக்கு மேல பேச்சே கெடயாது ஏமே."

பேச்சு இருக்கத்தான் செய்தது. உற்பத்திப் பிரிவு மேலாளர் ஒருநாள் கோபமாக வந்து, நீ ஒதுக்கி வைத்த வார்ப்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கேம்மா இருக்குது? பூதக்கண்ணாடி போட்டாத்தான் தெரியும் போல. இத வெச்சா வண்டி ஓடாதா?"

"ஓடும் சார். நிக்குமான்னுதான் தெரியாது."

அறையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். நான் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தேன். அப்படிப் பேச எனக்கு வராது. கல்லூரி விடுதியிலிருந்தே நம் இருவருக்கும் நீதான் பேசினாய், நான் சந்தேகப்பட்டேன். இந்த வேலைக்கு இரண்டுமே தேவைப்பட்டன.

அந்த மஞ்சள் மெழுகுப் பென்சிலும் நினைவிருக்கும். விரிசலைச் சுற்றி வட்டம் போடுவோம். போட்ட வட்டத்தை யாரும் அழிக்கக் கூடாது. புதிதாக வந்தவர்கள் பாதி வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் கூப்பிட்டு மூட வைப்பாய். "முழுசா மூடு. மூடாம உட்டா, பேரம் பேச வர்றாங்க."

கம்பெனி வேனின் முன்கண்ணாடியில் சிலந்திவலை போல விரிசல் விட்டிருந்த அந்த மழை நாளையும் இன்று நினைத்தேன். பாகலூர் சாலையில் நீ ஏறாமல் நின்றாய். உள்ளிருந்து ஆளாளுக்குக் கத்தினார்கள். "ஏறும்மா, ஷிப்டுக்கு லேட்டாவுது!" "பின்னாடி உக்காந்துக்க, உனக்குக் கண்ணாடியே தெரியாது!" டிரைவர் கெஞ்சினார்: "மேடம், தெனமும் இதுலதான வர்றீங்க?" நீ குடையைக் கூட விரிக்கவில்லை. "அதாங்கண்ணா, தெனமும் வந்தது தப்பு. கண்ணாடி என்ன காத்துக்குக் கட்டின தட்டியா? கூரையைப் பிடிச்சு நிக்கிறதுல அதுக்கும் பங்கு இருக்குது. வண்டி கவுந்தா அப்பறம் நம்ம தலைதான் தூண்." வேன் போய்விட்டது. நாம் இருவரும் நனைந்துகொண்டே பேருந்துக்கு நின்றோம். மறு வாரம் கண்ணாடி மாற்றப்பட்டது. கிண்டல் செய்தவர்கள்தான் முதலில் ஏறி உட்கார்ந்தார்கள்.

இதெல்லாம் தெரிந்தவள்தான் நான்.

கோடையில் கிருஷ்ணகிரியிலிருந்து வரும்போது, சூளகிரி தாண்டி எனக்கு முன்னால் கிரானைட் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் பின்சக்கரத்திலிருந்து தெறித்த கல் கண்ணாடியில் பட்டது. துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். உள்ளே பின்னால் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே, துடைப்பான் எட்டாத இடத்தில், கடுகளவு நட்சத்திரம். அன்றே போயிருந்தால் பசை ஊற்றி அடைத்திருப்பார்கள். நான் போகவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் முழுசாக மாற்றத்தானே சொல்வார் என்று நினைத்தேன். எதையும் நம்பாமல் இருப்பதை அறிவு என்று நினைத்துக்கொள்வது என் பழக்கம். பல சமயம் அது சோம்பலுக்குப் போட்ட நல்ல சட்டை.

நட்சத்திரத்துக்குக் கால் முளைத்தது. சாயங்காலங்களில் எதிரே வரும் லாரியின் விளக்கு அதில் பட்டு இரண்டாகப் பிளந்தது. நான் தலையைச் சற்று இடது பக்கம் சாய்த்து ஓட்டப் பழகிக்கொண்டேன். அத்திப்பள்ளியில், கர்நாடக எல்லை தாண்டியதும், போக்குவரத்துக் காவலர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். கண்ணாடியைத் தட்டி, "கிளாஸ் ஒடெதோகிதெ மேடம், சேஞ்ச் மாடிஸ்பிடி" என்றார். உடைந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். பார்வையை மறைக்கும் கண்ணாடியோடு ஓட்டினால் அபராதம் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். கழுத்தில் தொங்கிய என் அடையாள அட்டையை எட்டிப் படித்தார். "குவாலிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார். அபராதம் போடாமல் அனுப்பிவிட்டார். போட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகும் மாற்றவில்லை. இப்போது காரணம் சோம்பல் இல்லை. கடைக்குப் போனால் 'எப்போது பட்டது' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. உனக்குத் தெரியும், அன்று தொழிற்சாலை வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, வாட்ச்மேன் அண்ணன் சந்தனத் தட்டோடு வருவார். ஒவ்வொரு வருடமும் என் வண்டிக்கு வந்ததும் நான் கையைக் காட்டித் தடுப்பேன். கண்ணாடியில் ஒன்றும் வேண்டாம், பார்வை மறைக்கும் என்பேன். நீ சிரிப்பாய்: "பகுத்தறிவு வண்டி அண்ணா, தள்ளி நில்லுங்க." இந்த வருடம் அவரே பழக்கத்தில் என்னைத் தாண்டிப் போனார். நான் கூப்பிட்டேன்.

"அண்ணா, இதுக்கும் வெச்சிடுங்க."

"அட! எங்க மேடம் வெக்கட்டும்?"

"இங்க." விரலால் அந்த நட்சத்திரத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"நல்லா அப்பி வுடட்டுங்களா?"

"நல்லாவே வைங்க."

பின்னால் யாரோ, "மேடமே சாமி பக்கம் வந்துட்டாங்கப்பா!" என்றார்கள். கைதட்டினார்கள். எனக்குக் காது சுட்டது. அவர் குங்குமத்தைப் பெரிதாக அப்பினார். உள்ளிருந்து பார்த்தால் விரிசல் தெரியவில்லை. நாளெல்லாம் சிவப்புச் சாயத்தால் விரிசலைக் காட்டிக்கொடுக்கிறவள், சிவப்பாலேயே அதை மூடினேன். எந்தக் கடவுளையும் நம்பாதவள், ஒரு கடவுளின் பொருளை எடுத்து இதற்குப் பயன்படுத்தினேன். எதற்கு அதிகமாகக் கூசுகிறேன் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இதோடு நின்றிருந்தால் என் பாடு என்று விட்டிருப்பேன். போன வாரம் உன் மகள் வண்டியைப் பார்க்க வந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, இரண்டாம் ஷிப்டு. முடிந்து பாகலூரில் வீடு திரும்ப நேரமாகிவிடும். எனக்குக் கம்பெனியே வண்டி அனுப்பப்போகிறது. இதை நீயே எடுத்துக்கொள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவளுக்கும் வேறு வண்டி வேண்டாமாம். உன்னைப் பெங்களூர் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனதும் திரும்ப அழைத்து வந்ததும் இதில்தான். கதவைத் திறந்து இடது சீட்டில் உட்கார்ந்து, சீட்டைத் தடவினாள். பிறகு நிமிர்ந்து பொட்டைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சித்தி! நீங்களா பொட்டு வெச்சீங்க? அம்மா பாத்திருந்தா ஊரக் கூட்டியிருக்கும்!"

நானும் சிரித்தேன். அப்போது அவள் கேட்டாள், வண்டி வாங்குகிற யாரும் கேட்பதைத்தான்.

"வண்டில ஏதாச்சும் பிரச்சினை இருக்குதா சித்தி? இருந்தா சொல்லிடுங்க, ராத்திரில ஓட்டணும்."

"ஒண்ணுமில்லம்மா. தாராளமா ஓட்டு."

எவ்வளவு சீக்கிரம் சொன்னேன் தெரியுமா? யோசிக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால், அவள் கண்ணில் படாத அந்த விரிசலோடு அவளையே பலமுறை ஏற்றிக்கொண்டு போனதையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு கணத்தில் அவள் உயிரை விட என் பெயர் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. அவள் கிளம்பிய பிறகு நான் சட்டப்படி யோசித்தேன், அந்த அளவுக்குப் புத்தி வேலை செய்தது. பெயர் மாறிவிட்டால் அபராதம் அவளுக்கு. விபத்து நடந்தால், ஏற்கெனவே உடைந்த கண்ணாடி என்று காப்பீட்டுக்காரர் கையை விரிக்கலாம். மோதும்போது இடது சீட்டுக் காற்றுப்பை விரிந்து முன்கண்ணாடியில்தான் சாய்கிறது. கண்ணாடி பிடி கொடுக்காவிட்டால் பையும் அவள் பக்கத்தில் இருப்பவரைப் பிடிக்காது. இவ்வளவும் எனக்குத் தெரியும். இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஒரு வாரம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தேன்.

நீ இருந்திருந்தால் என்னைத் திட்டியிருக்க மாட்டாய். குனிந்து அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்திருப்பாய். பிறகு என்னைப் பார்த்திருப்பாய். அதை நினைத்துத்தான் இன்று மத்தியானம் போட்ட சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

உன் மேசையைக் காலி செய்தபோது அந்த மெழுகுப் பென்சிலை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இதுவரை அதைப் பயன்படுத்தியதில்லை. சற்று முன் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். போனில் சொல்லலாமா என்று முதலில் நினைத்தேன். போனில் என்றால் 'சின்னதாக ஒரு கோடு' என்று சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் விரிசலைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட்டேன். போட்டதை அழிக்கக் கூடாது. நாளைக் காலை அவள் வரும்போது அது அங்கே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எழுதியது இவ்வளவுதான். திங்கட்கிழமை நடந்ததை நடந்தபடியே கீழே குறிக்கிறேன்.

அவள் காலையிலேயே வந்தாள். கையில் உங்கள் தோட்டத்து எலுமிச்சம்பழங்கள். நான் வெளியே வருவதற்குள் நான்கு சக்கரத்துக்கு அடியிலும் வைத்துவிட்டாள். நிமிர்ந்தபோதுதான் கண்ணாடியைப் பார்த்தாள். சிறு வயதிலிருந்து உன் வட்டங்களைப் பார்த்தவள், என்னவென்று கேட்கவில்லை.

"எப்ப பட்டது?"

"கோடையில."

"பொட்டு வெச்சப்ப?"

"இருந்துச்சு. அதுக்குத்தான் வெச்சேன்."

"நான் கேட்டேனே சித்தி."

"கேட்ட."

அவள் கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். பென்சில் என் கையிலேயே இருந்தது, கொடுத்தேன். வண்டியின் கூரையோரம் என் கை எட்டாததால் வட்டம் மேலே மூடாமல் நின்றிருந்தது. அவள் நம் இருவரை விடவும் உயரம். எம்பி அதை மூடிவிட்டுப் பென்சிலைத் திருப்பித் தந்தாள். குனிந்து பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"கண்ணாடி மாத்தினதும் சொல்லுங்க. வந்து பாக்குறேன்." வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை.

பேருந்து நிறுத்தம் வரை அவளோடு நடந்தேன். அவள் ஏறிப் போனாள். கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தேன். பெங்களூரிலிருந்து கண்ணாடி வரவேண்டும், புதன்கிழமை வீட்டுக்கே வந்து மாற்றுகிறோம், அதுவரை எடுக்க வேண்டாம் என்றார்கள். எப்போது பட்டது என்று கேட்டார்கள். சொன்னேன். நானும் பேருந்தில் வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் திரும்பியபோது, எதிர்வீட்டு அம்மா வண்டியின் அருகே நின்றிருந்தார்.

"என்னங்க இது, கண்ணாடில மஞ்சளா வட்டம்? பசங்க யாராச்சும் கிறுக்கிட்டாங்களா?"

"இல்லைங்க. நாந்தான் போட்டேன். விரிசல். பொட்டு வெச்சு மறைச்சு வெச்சிருந்தேன்."

அவர் சிரித்தார். பிறகு பால்காரர் கேட்டார். அவரிடமும் அதையேதான் சொன்னேன்.